கேழ்வரகில் இறங்கிய கிடாக்கள்

அன்பு மகன் வசந்துக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடுகளும், கிணற்றடியில் நீ நட்டுவிட்டுப் போன சீத்தா மரமும் நலம். கடல் தாண்டிப் போன இடத்தில் உனக்கும் ஒரு குறையும் வராமல் சோளிங்கர் நரசிம்மர் காக்க வேண்டும். எத்தியோப்பியாவில் குளிர் ஜாஸ்தி என்று டிவியில் சொன்னார்கள், அப்பா நம்பவில்லை, ஆப்பிரிக்காவில் ஏது குளிர் என்கிறார். நீ காதை மூடிக்கொண்டு படு. ஷூ கம்பெனி கேண்டீனில் புளித்த தோசை மாதிரி ஒன்றைத்தான் தினமும் தருகிறார்கள் என்று சொன்னாய், ஃபைஸான் கையில் எள்ளுப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்து அனுப்புகிறேன். அவனும் உன் கம்பெனிக்கே வருவதால்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போனில் பக்கத்து நிலத்து நந்தகோபால் பேரை எடுத்தாலே நீ "வுடும்மா" என்கிறாய், பக்கத்தில் இருந்து அப்பா போனைப் பிடுங்குகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது, முழுசாகப் படி.

உனக்குத் தெரிந்த வரைக்கும் நம் ஆடுகள் நந்தகோபாலின் வேலிமசால் தீவனத்தில் மேய்ந்தன, சண்டை வந்தது, முடிந்தது, அவ்வளவுதானே. முடியவில்லை கண்ணு. போன வருஷம் மழை பொய்த்து ஏரிப் புல் கருகிப் போனதும், ஃபைஸானுடைய அப்பா சர்தார் பாஷா ஆம்பூர் கல்யாண மண்டபங்களில் மிஞ்சுகிற வெள்ளைச் சோற்றை ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தார். அதோடு ரைஸ்மில் நொய்யும் கலந்து ஆடுகளுக்குப் போட்டேன். வயிறு நிறையத்தான் தின்றன. ஆனால் அவிழ்த்துவிட்டால் போதும், வழியில் இருந்த சோளத்தட்டையைத் திரும்பிப் பார்க்காமல், கால்வாய்க்கரைப் புல்லில் வாய் வைக்காமல், நேராக நந்தகோபால் தன் மாடுகளுக்கு வளர்த்த வேலிமசாலுக்கே ஓடின. வேலியில் ஓட்டையை அடைத்தால் வேறு இடத்தில் புகுந்தன. நானே அதிசயப்பட்டேன், அடித்தும் பார்த்தேன்.

ஒருநாள் சுட்டி, நெற்றியில் வெள்ளை இருக்குமே அந்தச் சினை ஆடு, உள்ளே போனபோது அவன் மண்வெட்டிக் காம்பால் இடுப்பில் அடித்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது குட்டி வெளியே விழுந்து கிடந்தது, உயிர் இல்லை. அதோடு விட்டானா, மறுநாள் காலையில் பால் சொசைட்டி வரிசையில் எல்லார் எதிரிலும் என்னைக் கை நீட்டிச் சொன்னான், "இந்தப் பொம்பள ஆட்டுக்கே திருடப் பழக்கி வுட்டிருக்கா. அவ புத்திதான் அதுங்களுக்கும்" என்று. இத்தனை வருஷம் நான் அண்ணா என்று கூப்பிட்டவன். ஊர்ப் பெரியவர்கள் கூடி, மேய்ந்தது நம் ஆடு, அதனால் வீட்டுக்காரர் பெருமாள் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டால் போதும் என்றார்கள். செத்த குட்டியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா, அவனைவிட மூத்தவர், அவன் வாசலில் போய் நின்று கை கூப்பி "இனிமே நடக்காது நந்து, மனசுல வெச்சுக்காத" என்றார். அவன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் துணியும் அவன் குனிந்த முதுகும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. இது எதுவும் உனக்குத் தெரியக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கினார், இன்றைக்கு அதை உடைத்துவிட்டேன்.

சுட்டிக்கு வைத்தியம் பார்க்கப் பேரணாம்பட்டுக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கால்நடை டாக்டர் கிறிஸ்டினா வந்தார். ஊசி போட்டுவிட்டு, இன்னா தீனி போடுறீங்க என்று கேட்டார். சொன்னேன். உடனே சிரித்துவிட்டார். "ஒரே சோறும் நொய்யுமா போட்டா மாவுச்சத்து நெறைஞ்சு போகுதும்மா, புரதம் கம்மி. அது வேலிமசால்ல இருக்குது, அதான் தேடிக்கினு போகுது. எது எங்க கெடைக்கும்னு ஒரு தடவ தின்னு பார்த்துட்டா ஆடு எடத்த மறக்காது" என்றார். எனக்கு அப்போதே கோபம் தலைக்கு ஏறியது. திருட்டும் இல்லை, பழக்கமும் இல்லை, பசிக்குள் ஒரு பசி, அதற்கா என் சினை ஆட்டை அப்படி அடித்தான். அன்றிலிருந்து புரதத்துக்காகச் சவுண்டல் மரத்துத் தழையும் உளுந்துப் பொட்டும் சோற்றோடு சேர்த்துக் கொடுத்தேன். கொஞ்ச நாளில், சொன்னால் நம்பமாட்டாய், பட்டியைத் திறந்துவிட்டால்கூட ஆடுகள் வேப்பமரத்தடியில் படுத்து அசை போட்டன. வேலிமசால் பக்கம் ஒன்றும் போகவில்லை. டாக்டரம்மா தன் சொந்த போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நிறுத்தி நான் ஒன்று கேட்டேன், அப்படியானால் புண்ணாக்கும் வேலிமசாலுமாகவே ஒருவர் போட்டால் ஆடு என்ன செய்யும் என்று. அது மாவுச்சத்தைத் தேடி எந்த வேலியையும் தாண்டும், ஆனால் பழக்கமில்லாமல் தானியத்தை அளவுக்கு மீறித் தின்றால் உயிருக்கே ஆபத்து என்றார். நான் தலையாட்டிக்கொண்டேன்.

ஏன் கேட்டேன் என்றால், அந்த வாரம்தான் நந்தகோபால் பக்ரீதுக்கு விற்க ஒரு மந்தை கிடாக்களை வாங்கி வந்திருந்தான். சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று காலையில் கடலைப் புண்ணாக்கு, சாயங்காலம் வேலிமசால், வேறு எதுவும் கிடையாது. வருகிறவர் போகிறவரை எல்லாம் நிறுத்தி முதுகைத் தடவிக் காட்டுவான். நான் அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவன் வேலியை ஒட்டிய நம் துண்டு நிலத்தில் வருஷா வருஷம் துவரை போடுவோம் அல்லவா, இந்த வருஷம் கேழ்வரகு விதைத்தேன். அப்பா "இன்னாத்துக்கு இங்க கேவுரு?" என்று கேட்டார். களி தின்ன ஆசையாக இருக்கிறது என்றேன். பயிர் வளர வளர அந்தக் கிடாக்கள் புண்ணாக்குத் தொட்டியை விட்டுவிட்டு வேலியோரம் வந்து வரிசையாக நிற்கும். கதிர் முற்றிய நேரத்தில் நம் பக்கத்து வேலி முள்ளை நானே இழுத்துப் போட்டேன். பாவம் என்று நினைக்காதே, அவன் பக்கத்து முள்ளை ஒழுங்காகக் கட்டுவது அவன் வேலை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பால் ஊற்றுகிற நேரம், மொத்த மந்தையும் கேழ்வரகில் இறங்கிவிட்டது. நான் விரட்டவில்லை. நடந்து போய் சொசைட்டியில் நின்றிருந்த அத்தனை பேரையும், அன்றைக்குத் தீர்ப்புச் சொன்ன பெரியவர்களையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பில் நிறுத்தினேன். நந்தகோபால் ஓடி வந்தான். "ஆட்டுக்குத் திருடப் பழக்கி வுட்டது யாரு நந்தகோபாலு? யாரு புத்தி இது?" என்று கேட்டேன். பேர் சொல்லித்தான் கேட்டேன். அவன் முகம் செத்துப்போய், "வாயில்லா ஜீவன், அதுங்களுக்கு இன்னா தெரியும்" என்றான். "அன்னிக்கு என் சுட்டிக்கு மட்டும் வாய் இருந்துச்சா?" என்றேன். அந்த நிமிஷம் எனக்குக் குளிர்ந்த மோர் குடித்த மாதிரி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

மறுநாள் விடிந்ததும் அவன் பெண்டாட்டி தாயாரம்மாள் வந்து நின்றாள். பெரிய கிடா வயிறு உப்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரி பூட்டிக் கிடக்கிறது, டாக்டரம்மா நம்பர் குடு என்றாள். அவள் என்னிடம் ஒரு நாளும் கெட்டது பேசாதவள். இருந்தாலும் சொன்னேன், "உன் வூட்டுக்காரர் வரட்டும். எங்க வூட்டுக்காரர் நின்ன மாதிரி எங்க வாசல்ல நின்னு கை கூப்பட்டும், குடுக்கிறேன்" என்று. அவன் வந்தான், தயங்கிக்கொண்டு தெருவிலேயே நின்றான், "நம்பருதானே கேக்குறேன், இன்னா பெரிய ராங்கி" என்று கத்திவிட்டுத் திரும்பிப் போனான். நான் உள்ளே போய் அரிசி களைந்தேன். வெயில் ஏறிய பிறகு மறுபடி வந்து, அப்பாவைப் பார்த்துக் கை கூப்பினான். கண்ணில் தண்ணீர் இருந்தது. நான் உடனே போன் போட்டேன், டாக்டரம்மாவும் தாமதிக்காமல் ஸ்கூட்டியில் வந்து சமையல் சோடாவைக் கரைத்துக் குழாய் வைத்து ஊற்றினார். மற்ற கிடாக்கள் பிழைத்தன. பெரிய கிடா பிழைக்கவில்லை. கொஞ்சம் முன்னாடி கூப்பிட்டிருக்கலாமே என்றார் டாக்டரம்மா. நான் நந்தகோபாலைப் பார்த்தேன், அவன் தரையைப் பார்த்தான். அவன் வீம்புதான் அதைக் கொன்றது. நான் அப்படித்தான் சொல்லுவேன், யார் கேட்டாலும்.

இது நடந்ததிலிருந்து அவன் பால் சொசைட்டியில் என்னைக் கண்டால் வரிசையில் ஒதுங்கி வழி விடுகிறான். பெரியவர்களும் இப்போது வாம்மா தேவிகா என்கிறார்கள். எனக்கு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் உன் அப்பாவைச் சொல்லு. அவருக்காகத்தானே இவ்வளவும் செய்தேன், ஒரு நல்ல வார்த்தை இல்லை. தினமும் காலையில் அறுத்த கேழ்வரகுத் தாளில் ஒரு கட்டு எடுத்துப் போய் வேலிக்கு மேலே அந்தக் கிடாக்களுக்குப் போடுகிறார். டாக்டரம்மா புண்ணாக்கைக் குறைத்து உலர்ந்த தீனியும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானியமும் கொடுக்கச் சொன்னாராம், அவனிடம் தாள் இல்லையாம். உங்களைக் கை கூப்ப வைத்தவன் வீட்டுக் கிடாவுக்கா என்று கேட்டேன். தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டே, "கெடாவா என்னக் கை கூப்பச் சொல்லுச்சு?" என்றார். தாள் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நானும் தாளை மறைத்து வைக்கவில்லை. அதற்காக நந்தகோபாலை மன்னித்துவிட்டேன் என்று நீ எடுத்துக்கொள்ளாதே. சுட்டி இன்னும் பின்னங்காலை இழுத்துத்தான் நடக்கிறது.

நீ அங்கே யாரிடமும் தலை குனியாமல், யாரையும் குனிய வைக்கிற நிலைமையும் வராமல், நல்லபடியாக வேலை பார்த்து, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கட்டி, நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டு, ரூமில் சும்மா போட்டு வைக்காதே. ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி போடாதே. இதைப் படித்ததும் போன் பண்ணுவாய், தெரியும். அப்பா போனை வாங்கி, அம்மாவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு என்பார். எடுத்துச் சொல்லாதே. பெரிய கிடா செத்தது பற்றி மட்டும் என்னிடம் ஒன்றும் கேட்காதே, கண்ணு.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
பெ. தேவிகா