இருபத்தைந்து அங்குல நாற்காலி

ஏப்ரல் 12, சனி

ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. அதனால் அப்பா விலை பேசும் இரண்டு படகையும் தண்ணீரில் விட்டுப் பார்க்க வழியில்லை. இரண்டுமே பழைய பாண்டூன்கள், அலுமினியக் குழாய்கள் மேல் தட்டையான தளம். பக்கத்து வீட்டு வெர்னுடையது சிவப்பு, பின்னால் சறுக்குமரம். பைன் ரிவர் ஊர் டீச்சருடையது பழுப்பு, இருக்கையெல்லாம் கிழிசல். அப்பாவின் கண் சிவப்பு மேல்தான்.

எனக்கு இரண்டுமே பயம். போன ஆகஸ்டில் பெரியப்பாவின் படகில் அம்மாவை ஏற்றும்போது சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தது நான்தான். என் தொப்பி பறந்தது. அதைப் பிடிக்கக் கையை விட்டேன். அம்மா நாற்காலியோடு தண்ணீரில். "பிரேக் வழுக்கிடுச்சு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். ஏன்? கேட்கத் தைரியமில்லை.

ஏப்ரல் 13

தையல் நாடாவால் அளந்துவிட்டேன். நாற்காலி இருபத்தைந்து அங்குலம். வெர்ன் படகின் கதவு இருபத்துமூன்று! டீச்சரிடம் போனில் கேட்டேன், முப்பத்திரண்டாம். சிவப்பை வாங்கினால் ஒவ்வொரு தடவையும் அம்மாவைத் தூக்க வேண்டும். பிடிக்கப் போவது யார்? நான்.

ஏப்ரல் 15

அளவைச் சொன்னதும் அப்பா வெர்னிடம் போனார். மூன்று கப் காபி கழித்துத் திரும்பினார்.

"வேண்டாம்னு சொல்லிட்டீங்களா?"

"சொன்னேனே. 'நல்ல படகுதான், யோசிக்கிறோம்'னு."

எங்கள் ஊரில் அது வேண்டாம் என்றும் ஆகும், சரி என்றும் ஆகும்.

ஏப்ரல் 17

நாங்கள் வாங்குகிறோம் என்று நினைத்து வெர்ன் 'விற்பனைக்கு' பலகையைக் கழற்றிவிட்டார்.

"இப்பப் போய் எப்படிச் சொல்றது? குளிர்காலம் பூரா நம்ம வாசல் பனியை அவன்தானே தள்ளினான்," என்கிறார் அப்பா.

"அந்த நன்றிக்காக என்னை ரெண்டா மடிச்சு உள்ளே தள்ளப் போறீங்களா?" என்றாள் அம்மா.

அப்பா எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

ஏப்ரல் 19

நானே வெர்னிடம் போனேன். அங்குலக் கணக்கைச் சொல்ல ஆரம்பித்து, தொப்பி, கையை விட்டது, எல்லாம் கொட்டிட்டேன். அழுகை வேற.

வெர்ன் கழற்றி வைத்த பலகையைப் பார்த்தார்.

"உங்களுக்காக ரெண்டு பேரைத் திருப்பி அனுப்பிட்டேன் தெரியுமா?"

எனக்கு உயிரே போயிற்று.

"இந்த ஒரு 'வேண்டாம்' சொல்லவா உங்கப்பன் என் காபியைக் காலி பண்ணான்?" என்று சிரித்தார். பிறகு, "அந்தப் பழுப்பை இழுத்துட்டு வர வண்டி இருக்கா?"

இல்லை. அவரிடம்தான் இருக்கிறது. வருகிறாராம். இந்த மனிதருக்கு என்ன செய்வேன்?

மே 4

பனிக்கட்டி முழுக்கப் போய்விட்டது. பிரேக் வழுக்கியதாக ஏன் சொன்னாள் என்று அம்மாவிடம் கேட்டேவிட்டேன்.

"நனைஞ்சது நான், நடுங்கினது நீ. அந்த முகத்தைப் பார்த்துட்டு வேற என்னடி சொல்றது?"

மே 24

பழுப்புப் படகு இப்போது எங்கள் துறையில். வெர்னும் அப்பாவும் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொள்ள, துறைக்கும் படகுக்கும் நடுவே பலகை போட்டோம். நான் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"நகரு. இவ்வளவு அகலத்துல எனக்கே ஓட்டத் தெரியும்," என்றாள் அம்மா.

சக்கரத்தை இரண்டு தள்ளு தள்ளினாள். உள்ளே. எதிலும் இடிக்கவில்லை.

நான் மட்டும் துறையிலேயே நின்றேன். கால் வரவில்லை.

அம்மா படகுக்குள்ளிருந்து கை நீட்டினாள். "வாடி. நான் பிடிச்சுக்கறேன்."

ஏறினேன்.