நாகூர் போகாத முடிச்சு

மச்சான்,

ரசம் அடுப்பில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடுங்கள். சர்க்கரை மாத்திரையை மறக்காதீர்கள். நான் சாத்தூரில் அம்மா வீட்டில் இருப்பேன்.

வருமான வரி நோட்டீசுக்கு என்னைச் சாட்சியாக வைத்து நீங்கள் எழுதிய கடிதம் மேஜையில் அப்படியே கிடக்கிறது. கையெழுத்துப் போட மனசு வரவில்லை. கம்பெனி தந்த பயணப் பணத்துக்கு வரி வரக்கூடாதென்று, உங்க அம்மாவை இரண்டு தடவை நாகூர் கூட்டிப்போனதாகப் பில் காட்டினீர்கள். மாமி மதுரைக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. "வேலை சீசன் முடியவும் என்னைய நாகூருக்குக் கூட்டிட்டுப் போவான் பாரு" என்று என்னிடம் சொல்லிச் சொல்லியே போன மாதம் கண்மூடி மௌத்தாகிவிட்டார்கள்.

நேற்று நான் அப்படிக் கத்தியிருக்க வேண்டாம். ஆனால், போகவில்லை என்று மாற்றி எழுதுங்கள், கையெழுத்துப் போட அன்றைக்கே வருகிறேன்.

தஹ்மீனா

பி.கு: வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் கற்பகவல்லி அக்காவிடம் கொடுங்கள்.

இன்னொன்று. மாமியின் பெட்டியில், நாகூருக்கு நேர்ந்து பச்சைத் துணியில் முடிந்த காசு இருந்தது. தர்காவில்தான் அவிழ்க்க வேண்டும் என்பார்கள். உங்கள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை போய் வந்தவரிடம் இது எப்படி மிச்சமிருந்தது என்று அந்த அதிகாரிக்குக் கேட்கத் தெரியாது. எனக்குத் தெரியும்.