புது அரிசியும் இனிப்புப் பொடியும்

பிப்ரவரி 8, ஞாயிறு

விழிதியூர் வயலிலிருந்து புது அரிசி வந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் என்பதால், வெல்லத்துக்குப் பதில் மெடிக்கலில் வாங்கிய இனிப்புப் பொடியைப் போட்டுப் பொங்கல் வைத்தேன். "இதுலதான் சர்க்கரை இல்லையே" என்று மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் பார்த்தால் சர்க்கரை முந்நூறைத் தாண்டிவிட்டது. பொடி டப்பாவைத் தூக்கிக் கொல்லையில் எறிந்தார்.

"ஏமாத்துறானுவ!"

"பொடி ஒண்ணும் பண்ணலைங்க. அரிசிதான் ஏத்துது."

"நம்ம வயல் அரிசியா? மருந்தே அடிக்காம வெளைஞ்சது எப்படிடி ஏத்தும்?"

எந்த வயலில் விளைந்தால் என்ன, ரத்தத்தில் போனால் அதுவும் சர்க்கரைதான். சொன்னேன். கோபம் என் மேல் திரும்பியது. அவர் கால் விரல் புண் வேறு இன்னும் ஆறவில்லை. அதை நான் பார்ப்பதற்குக்கூட விடுவதில்லை.

சாயங்காலம் அவரே போய் டப்பாவை எடுத்துவந்து, மண்ணைத் துடைத்து அலமாரியில் வைத்தார். ராத்திரி அவர் தட்டில் ஒரு கரண்டி சோறும் நிறையக் கீரையும் வைத்தேன். சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஒரு கரண்டிக்கா அவ்வளவு வயலும் நட்டேன்?" என்றார்.