ஒரே கேமரா

அன்புள்ள தம்பிக்கு,

நலம் விசாரிக்கும் பழக்கம் நம்மிடையே நின்று போய் நாளாயிற்று. எழுத உட்கார்ந்துவிட்டேன், கேட்டுத்தான் ஆகவேண்டும். நீயும் உன் மனைவியும் நலந்தானே? உன் அண்ணி நலம். நான் இருக்கிறேன். போனில் சொன்னால் சண்டையில் முடிகிறது என்பதால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கடைசி வரை படி.

நீ அத்தையிடம் சொன்னது என் காதுக்கு வந்துவிட்டது. “நான் வீடியோ கால் பண்ணாலே அண்ணன் வேணும்னே கட் பண்றான். அப்பாவை எங்கிட்ட பேசவிட மாட்டேங்கறான்” என்றாயாம். அத்தைக்கு இது போதாதா? குடும்பம் முழுவதும் சொல்லி முடித்துவிட்டார். யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள். இந்த வீட்டில் குற்றம் என்று ஒன்று நடந்தால் அது உள்ளூரில் இருப்பவனுடையதாகத்தான் இருக்கும்.

நான் கட் செய்யவில்லை. நீ அனுப்பிய டேப்லெட்தான் நீலத்திரை காட்டிச் சாகிறது. சோகமான ஒரு முகப்பொம்மை, அதன் கீழே நான்கு வரி ஆங்கிலம், பிறகு தானாகவே அணைந்து எழும். எழுந்து பழைய நிலைக்கு வருவதற்குள் நீ கோபித்துக்கொண்டு போயிருப்பாய்.

நரம்பு நோயில் அப்பாவின் கையும் நாக்கும் போனபின் நீ அதை அனுப்பியது நல்ல காரியந்தான், மறுக்கவில்லை. கட்டிலுக்கு மேல் இரும்புத் தாங்கியில் மாட்டியிருக்கிறேன். அவர் கண் திரையில் எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்தைக் கேமரா பிடித்துக்கொள்ளும். வாக்கியம் முடிந்ததும் செய்தி வாசிப்பவர் குரலில் சத்தமாகச் சொல்லும். வாழ்நாளில் யாரிடமும் தணிந்து பேசாத மனிதர், இப்போது “தலையணையைச் சரி செய்யவும்” என்று அத்தனை மரியாதையாகக் கேட்கிறார். முதல் நாள் உன் அண்ணி சிரித்துவிட்டாள். அப்பாவும் கண்ணாலேயே சிரித்தார். இந்த வருடத்தில் நாங்கள் சிரித்தது அன்றுதான்.

பிறகுதான் நீலத்திரை ஆரம்பித்தது. உன்னிடம் சொன்னேன். “ஈசிண்ணா, ரீஸ்டார்ட் பண்ணு” என்றாய். பள்ளியில் கணக்குப் பாடத்துக்கு என் நோட்டைப் பார்த்து எழுதியவன், இயற்பியலில் முதுகலை முடித்த எனக்கு ரீஸ்டார்ட் சொல்லிக் கொடுக்கிறாய். போகட்டும், ரீஸ்டார்ட் செய்தேன். அப்டேட் எல்லாம் போட்டேன். சூடாகிறதோ என்று உறையைக் கழற்றி மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். சார்ஜரை மாற்றினேன். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், “மெமரி அவுட் சார், புதுசு வாங்கிடுங்க, நம்மகிட்டயே இருக்கு” என்றார். கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினேன். அதோடு அப்பாவின் கண்ணுக்கு அது பழகி வைத்திருந்ததும் அழிந்துபோயிற்று. திரையின் மூலைக்கு மூலை ஒரு புள்ளி ஓடும், அவர் அதன் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வரவேண்டும். முதல்முறை செய்தபோது சுலபமாக முடிந்தது. இந்த முறை பாதியில் இமை சரிந்து சரிந்து விழுந்தது. நீர் வழிந்தது, துடைத்துத் துடைத்துச் செய்தேன். அத்தனை பாடு பட்டும் மறுநாள் நீ அழைத்ததும் நீலத்திரை வந்தது.

அன்றைக்கு நான் திட்டிய திட்டைக் கேட்டு உன் அண்ணி, “தம்பிகிட்ட போட முடியாத சண்டையை எல்லாம் பாவம் அந்தப் பலகைகிட்ட போடறீங்க” என்றாள். கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னபிறகுதான் ஒன்று உறைத்தது. உன் அழைப்பு வராத நாள்களில் அது ஒருமுறைகூடச் சாகவில்லை.

அது அணையும்போதெல்லாம் உள்ளே ஒரு பதிவு விட்டுப் போகும், அதைத் தோண்டி எடுத்தேன். ஒவ்வொரு முறையும் விழுந்தது கேமராவை இயக்கும் மென்பொருள்தான். அப்பாவின் பேச்சுச் செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது. நீ கூப்பிட்டதும் வீடியோ செயலியும் அதே கேமராவுக்குக் கைநீட்டுகிறது. இருப்பது ஒரே கேமரா. இழுபறியில் எல்லாம் சேர்ந்து கவிழ்கிறது. ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றை ஓட்டினால் பழுதே இல்லை. ஆனால் நீ எப்போது அழைப்பாய் என்று யாருக்குத் தெரியும்? நம் பக்கம் படத்தை அணைத்து வைத்தும் பார்த்தேன். மணி அடித்த மாத்திரத்தில் அது கேமராவைத் தொட்டுப் பார்க்கிறது, அப்போதே போய்விடுகிறது. ஆக, அப்பா உன்னைப் பார்க்கலாம் அல்லது பேசலாம். இரண்டும் முடியாது.

போனில் வைத்துப் பேசவைத்திருக்கலாமே என்பாய். என் போனில் உன் முகத்தைக் காட்டினேன். அந்தச் சின்னத் திரையில் அவருக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை. குரல் மட்டும் போதுமா என்றேன். அவர் எழுதியது, “முகம் பார்த்துச் சொல்லணும்.” என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன், என்னிடம் சொல்லவில்லை. போன மாதம் நீ அழைப்பதற்குக் கொஞ்சம் முன்பு எழுதத் தொடங்கியிருந்தார். “நீ கிளம்பிப் போன அன்னிக்கு நான்” என்பது வரை வந்திருந்தது. அதற்குள் உன் மணி அடித்து, திரை நீலமாயிற்று. நீ போன அன்று அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை, அது உனக்கு நினைவிருக்கும். உன் பெட்டியை வண்டியில் ஏற்றியது நான். அவர் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கும் தெரியாது. கூடவே இருந்து முதுகு துடைத்துவிடுகிறவனுக்கு அதைத் தெரிந்துகொள்ளும் தகுதி இல்லை போலிருக்கிறது.

போன வாரம் அவரிடமே விஷயத்தை விளக்கினேன். இரண்டில் எதை எடுத்துவிடட்டும் என்று கேட்டேன். அவர் எழுதினார், “பேச்சை எடுத்துடு. சின்னவனைப் பார்த்தா போதும்.”

செய்தி வாசிப்பவர் குரல் அதைத் தெளிவாகச் சொன்னது. அடுப்படியில் இருந்த உன் அண்ணிக்கும் கேட்டது. அவள் வெளியே வரவில்லை. உன் மேல் எனக்கு எத்தனையோ வருத்தங்கள் உண்டு, அதெல்லாம் உனக்குத் தெரிந்தவைதான். இது புதியது. இந்த வீட்டில் என்னோடு பேச அவருக்கு இருந்த ஒரே வழியை, உன் முகத்துக்காக அவர் ஒரே வரியில் விட்டுக்கொடுத்தார்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பேச்சை எடுக்கவில்லை. உன் அழைப்பு வரும் செயலியை எடுத்துவிட்டேன். இந்த வாரம் நீ எத்தனை முறை அடித்தாலும் கிடைக்காததற்குக் காரணம் அதுதான். இப்போது நீ அத்தையிடம் சொன்னது உண்மையாகிவிட்டது, சந்தோஷப்பட்டுக்கொள். பேச்சை எடுத்துவிட்டால் நீ தினமும் அவரைப் பார்ப்பாய். கண் திறந்திருக்கிறது, அசைகிறது, நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைப்பாய். பார்த்துக்கொண்டே இருந்துவிடுவாய். வரவேண்டும் என்று உனக்குத் தோன்றவே தோன்றாது.

நரம்பு மருத்துவர் நேற்று வந்து பார்த்தார். கண் அசைவும் தளர்ந்து வருகிறதாம். எதுவரை என்று கேட்டேன். “பேச வேண்டியது இருந்தா இப்பவே பேசிடச் சொல்லுங்க” என்று மட்டும் சொன்னார்.

இதைப் படித்ததும் இன்னொரு டேப்லெட் அனுப்பலாமே என்று உனக்குத் தோன்றும். உன்னை எனக்குத் தெரியும், பாதிக் கடிதத்திலேயே தோன்றியிருக்கும். அனுப்பாதே. பார்சல் வந்து சேருகிற நேரத்தில் ஓர் ஆள் வந்து சேரலாம். நீ கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தால் கேமரா அவருக்கே முழுதாக இருக்கும். உன் முகத்தையும் பார்ப்பார், சொல்லவேண்டியதையும் சொல்வார்.

ஏன் மணி அடிக்கவில்லை என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தாநாள் என்னால் தாங்கமுடியவில்லை. நீ அங்கிருந்து கிளம்பிவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து திரையைப் பார்ப்பதே இல்லை, வாசற்கதவையே பார்க்கிறார். எதையாவது எழுத முயன்றாலும் கண் கதவுக்கே ஓடி, எழுத்து கண்டபடி விழுகிறது. அந்தக் குரல் அர்த்தமில்லாமல் எதையோ வாசிக்கிறது.

நீ என்னோடு பேசவேண்டாம். நேராக அவரிடம் போ. அவர் சொல்லும்போது நான் அறையில் இருக்கமாட்டேன், பிறகும் என்ன சொன்னார் என்று கேட்கமாட்டேன். அவரிடம் நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே. பத்திரமாக வா.

உன் அண்ணன்