அத்தான் படகேறிய நாள்

என் வாயாடி அக்காவுக்கு,

ஹனோவரில் எல்லோரும் சுகம். உன் மனிசனை ஒருவழியாக வீட்டைவிட்டுக் கிளப்பி அயர்லாந்துக்கே கூட்டிக்கொண்டு போய் வந்துவிட்டேன். நம்புகிறாயா?

உன் முதலாம் வருட ஆட்டைத் திவசம் முடியும்வரை எங்கேயும் வரமாட்டேன் என்றார். அது முறைதான், நானும் வற்புறுத்தவில்லை. திவசம் முடிந்த பிறகும் மனிதர் வேலைக்குப் போவார், வருவார், சோஃபாவில் சாய்வார். இப்படியே இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது.

கடலோரமாக ஒரு விருந்தினர் விடுதி. முதல் நாள் மலைமுகட்டுப் பாதையில் நடக்கக் கூப்பிட்டேன்.

"காத்து அடிக்குது பிள்ளை, நீ போட்டு வா."

கடல்முனையில் நிற்கும் வெளிச்சவீட்டுக்குக் கூப்பிட்டால், "ஏலாது, முழங்கால் நோகுது." கடற்கரையில் குதிரைச் சவாரியும் இருந்தது. அதைக் கேட்க எனக்கே துணிவு வரவில்லை.

அடுத்த நாள் நான் தனியே நடந்துவிட்டு வந்தால், விடுதியில் இருந்தவர்கள் எல்லோரும் முற்றத்தில் நிற்கிறார்கள். உள்ளே புகை எச்சரிக்கை மணி அலறுகிறது. உன் ஆள்தான். பெட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்த கருவாட்டை, சின்ன மின்னடுப்பில் வைத்து அறைக்குள்ளேயே பொரித்திருக்கிறார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

விடுதிக்கார அம்மா ஏசவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நல்ல மீனை ஏன் இப்படிக் காயவைக்கிறீர்கள்? நாளைக்கு என் தம்பியின் படகில் போய்ப் புதிதாகப் பிடியுங்கள்" என்றார்.

அத்தான் என் காதோடு சொன்னார்: "இவ்வளவு கரைச்சல் குடுத்துப்போட்டு மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ?"

மரியாதைக்காகத்தான், அக்கா, அத்தான் படகேறினார். பல கொக்கிகள் கட்டிய தூண்டிலைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் நாலைந்து கும்பளா மீன்கள் ஒன்றாகத் துடித்துக்கொண்டு மேலே வந்தன. "இஞ்சேரும், இதைப் பாருமப்பா" என்று சிரித்தபடி திரும்பினார்.

உன்னைத் தவிர அவர் வேறு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. உனக்குக் கேட்டதா?

நான் குனிந்து மீன்களைக் கொக்கியிலிருந்து கழற்றினேன். அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "வாளியைக் கொண்டா பிள்ளை, நாளைக்கும் வருவம்" என்றார்.

அன்றைக்கு, விடுதி அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவருடைய அடுப்பிலேயே குழம்பு வைத்தோம். அத்தான் இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார். எனக்கு அழுகை வந்தது, உறைப்பென்று சொல்லிச் சமாளித்தேன்.

நீ யோசிக்காதே அக்கா. வரும் கோடையில் அவரைக் குதிரையிலும் ஏற்றுவேன். விழுந்தால் நான் பிடிப்பேன்.

உன் மனிசனை உனக்குப் பதிலாக இப்போது ஏசிக்கொண்டிருக்கும்
தங்கச்சி