கை வைக்காதவனுக்கு

செவ்வாப்பேட்டை
18.9.2006

அன்புள்ள மணவாளனுக்கு,

பிரேமா அத்தை எழுதுவது. உன் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை. நீ விஜயவாடாவில் லாரி ஆபீஸ் மாடியில் தங்கியிருப்பதாக உன் அப்பா சொன்னார். போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

பிரமோத் வியாழக்கிழமை இறந்துவிட்டான். அப்பா இதை உனக்குச் சொல்லியிருக்க மாட்டார்.

நான் இரண்டு முறை சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் அவனைப் பார்த்தேன். அப்பாவின் ரோலிங் மில்லில் கைக்கு எட்டுவதெல்லாம் இரும்புதான். அதால் மில் ஆட்கள் அடித்ததில் இடது விலா எலும்புகள் முறிந்து நுரையீரலில் குத்தியிருந்தன. தாடை பெயர்ந்திருந்தது. ஒரு காது பாதிதான் இருந்தது. அவன் ஒரியாவில் கெஞ்சியதைக் கெட்ட வார்த்தை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அடித்திருக்கிறார்கள். கடைசி நாள் எக்ஸ்ரேயில் நுரையீரல் கறுப்பாகத் தெரியவேண்டிய இடம் முழுக்க வெள்ளையாக இருந்தது. மெஷின் காற்றை அழுத்தி அனுப்பியது. அது போய்ச் சேர இடமில்லை.

நேற்று அப்பா ஒரு வக்கீலோடு வந்தார். கொலை வழக்கில் உன் பெயரும் சேரப்போகிறதாம். அவன் செத்தது அடியால் இல்லை, அவனுடைய வெள்ளை அணுக்களே அவன் நுரையீரலை அழித்துவிட்டன என்று, மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கும் நான் எழுதிக் கொடுத்தால் வழக்கு பலவீனமாகும் என்றார் வக்கீல். நான் பேனாவை எடுக்காததும் அப்பாவுக்குக் கோபம் வந்தது. “இன்னா பிரேமா, இம்மாம் படிச்சிக்கினு ஊட்டுப் புள்ளைக்கு ஒரு பேப்பர் எழுத மாட்டியா? பொய்யா சொல்லச் சொல்றோம்?” என்று கேட்டார்.

பொய் இல்லைதான். சங்கடமே அதுதான். நான் பட்டம் வாங்கியதே இந்த விஷயத்தில். காயம்பட்ட செல்கள் இன்டர்லூக்கின் எட்டு என்ற சின்னப் புரதத்தை வெளியே விடும். அது எதையும் கொல்லாது, அரிக்காது. வெள்ளை அணுக்களைக் கூப்பிடும், அவ்வளவுதான். அந்தக் கூப்பாடு எந்தப் பக்கம் அடர்த்தியோ அந்தப் பக்கம் அவை ரத்தக் குழாயின் சுவரை நெருக்கிக்கொண்டு வெளியே வரும். அது இல்லையென்றால் ஒரு முள் குத்திய புண்ணே நம்மை முடித்துவிடும். ஆனால் காயம் பெரிதானால் கூப்பாடு அடங்காது. வந்தவை இன்னும் பலவற்றைக் கூப்பிடும். கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நஞ்சை மெல்லிய நுரையீரல் சுவர்மேல் கொட்டும். சுவர் கிழிந்து உள்ளே நீர் நிறையும். முயல்களில் அந்தப் புரதத்தைத் தடுத்து நுரையீரலைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மனிதருக்கு இன்னும் மருந்து வரவில்லை.

எழுதுவதானால் முறிந்த விலாவிலிருந்துதான் தொடங்குவேன் என்றேன். வக்கீல் பையை மூடிக்கொண்டார். அப்பா காபியைத் தொடாமல் எழுந்து போனார்.

நீ போனில், “நான் கையே வைக்கல அத்தை. திருடன்னு கத்துனேன், அவ்ளோதான்” என்றாய். உடம்புக்குள் நடப்பதைக் காட்டி ஊருக்கு நீதி சொல்பவர்களை எனக்குப் பிடிக்காது. நானும் சொல்லப்போவதில்லை. அந்தப் புரதத்துக்கு யார்மேலும் கோபம் கிடையாது.

கிரேன் ஓட்டும் தேசப்பனின் மனைவி செல்வி வந்திருந்தாள். அவனையும் சேர்த்து ஐந்து பேர் சென்னை மத்தியச் சிறையில் இருக்கிறார்கள். “ஆளு யாருன்னுகூட எங்க ஊட்டுக்காரு பாக்கலக்கா. சின்னவரு கத்துனாரு, இவுரு ஓடுனாரு. நாய்க்கு விசிலடிச்சா ஓடும் பாரு, அந்த மாதிரி” என்று சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். நான் உன் அத்தை என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

அதன்பிறகு எலக்ட்ரீஷியன் திருமலையைத் தேடிப் போனேன். நீ திருடன் என்று கத்தியபோது பிரமோத் கையில் இருந்த செம்புக் கம்பியை ஒர்க்ஷாப்பில் போடச் சொல்லி அவனிடம் கொடுத்தது அவர்தானாம். “மணவாளன் தம்பி பக்கத்துலதான் டீ குடிச்சிக்கினு நின்னுச்சு. பாத்துச்சு” என்றார். போலீசிடம் சொன்னீர்களா என்றேன். “யாரும் கேக்கலியேம்மா. உங்கண்ணன் குடுத்த வேல இது” என்றார். பாதுகாப்பு பெல்ட் இல்லாமல் கிரேனில் ஏற மாட்டேன் என்று அன்று காலை பிரமோத் எல்லார் முன்னாலும் உன்னிடம் தலையை ஆட்டி மறுத்ததையும், நின்றவர்கள் உன்னைப் பார்த்துச் சிரித்ததையும் அவர்தான் சொன்னார்.

அடித்தவர்கள் அடித்ததற்குப் பதில் சொல்லட்டும். ஆனால் அவர்கள் அவனைத் திருடன் என்று நம்பினார்கள். அடி விழுந்தபோது திருமலை வெளியே போயிருந்தார். அவன் திருடவில்லை என்று தெரிந்தவன் அங்கே நீ ஒருவன்தான்.

பிரமோத்தின் அண்ணன் ஒரிசாவிலிருந்து வந்திருக்கிறார். உடலைச் சென்னையிலேயே எரித்தாயிற்று. இறப்புச் சான்றிதழுக்காகக் கும்மிடிப்பூண்டியில் மில் ஆட்கள் தங்கும் தகர ஷெட்டில் காத்திருக்கிறார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசினேன். யார் அடித்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நஷ்டஈடு கேட்கவில்லை. தம்பி உண்மையிலேயே திருடினானா, ஊரில் அம்மா கேட்டால் நான் என்ன சொல்வது என்று மட்டும் கேட்டார். அந்தப் பதில் உன்னிடம் இருக்கிறது.

சனிக்கிழமை அவர் ரயில் ஏறுகிறார். அதற்குள் வா. கூடூரில் இறங்கிப் பாசஞ்சருக்கு மாறிக்கொள். எந்த வண்டி என்று மட்டும் சொல், கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் நிற்பேன். முதலில் அந்த அண்ணனிடம் போவோம், பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்கு. திருமலையையும் கூட்டி வருகிறேன். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வழியில் ஏதாவது சாப்பிட்டுவிடு, உள்ளே எத்தனை நேரம் உட்கார வைப்பார்களோ தெரியாது. எத்தனை நேரமானாலும் நான் வெளியே இருப்பேன்.

நீ நூறு வயது இருக்கவேண்டும் என்றுதான் நினைக்கிறேன். அத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டு இருக்க முடியாது, மணவாளா. வந்துவிடு.

உன் நல்லதை மட்டுமே விரும்பும்,
பிரேமா அத்தை