தொட்டி கொள்ளாத மீன்

ஐப்பசி, புதன்கிழமை.

இன்றைக்கும் இரண்டு மீன் செத்து மிதந்தது. ஆடியில் என் வீட்டுக்காரர் தவறிப்போனதிலிருந்து மாடித் தொட்டியில் ஒரு ஜிலேபி மீனைக்கூடப் பிடிக்கவில்லை. அந்தத் தண்ணீரைத்தான் மோட்டார் கத்தரிச் செடிக்கும் தக்காளிக்கும் ஏற்றுகிறது. செடி நன்றாகக் காய்க்கிறது. மீனுக்குத்தான் இடமில்லாமல் மூச்சு முட்டுகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, தண்ணி நாறுது. பாதியைப் பிடிச்சுக் குழம்பு வையி. மிச்சமாவது பொழைக்கும்."

"அவிய விட்ட மீனுண்ணே."

"மாப்பிள்ளை என்ன, கும்பிடவா விட்டாரு? எம்புட்டு ஆசையாத் திம்பாரு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "இந்த ராஜபாளையத்துல மீன்கடைக்கா பஞ்சம்? போய் வாங்கித் தின்னுங்க" என்றேன். காப்பிகூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

அவர் சொன்னது சரிதான். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. சாயங்காலம் வலையை விட்டேன். ஒன்று மாட்டித் துள்ளியது. திரும்பத் தொட்டியிலேயே விட்டுவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கென்ன, போய்விட்டார். தீனி எவ்வளவு போட வேண்டும், மோட்டார் நின்றால் என்ன செய்ய வேண்டும், எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பிடிப்பதை மட்டும் சொல்லித் தரவில்லை. அதைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்திருப்பார்.